நாட்டின் செல்வத்தைக் கணக்கிடுவது: எல்லையோரப் பஞ்சாயத்து ஒன்றிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் இடைப்பட்ட தென்னந்தோப்பு ஒன்றில் புதிதாகப் போர்வெல் போடப்படும்போது, ரிக் வண்டியின் கூலி, பிவிசி குழாய், நீர்மூழ்கி மோட்டார், மின் இணைப்பு ஆகிய எல்லாச் செலவுகளும் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏதோ ஒரு வரியில் சேர்ந்துவிடுகின்றன. அந்தப் போர்வெல்லால் பக்கத்துத் தோப்பின் பழைய கிணறு வற்றி, அந்தத் தோப்புக்காரரும் அதைவிட ஆழமாகத் துளையிட்டால் உற்பத்தி மறுபடியும் கூடுகிறது. இரண்டு துளைகளுக்கும் அடியில் நீர்மட்டம் இறங்கியதை மட்டும் எந்த வரியும் கழிப்பதில்லை. இந்த வழிகாட்டி, கழிக்கப்படாத அந்த வரியை எப்படி எழுதுவது என்பதைப் பற்றியது.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓர் ஆண்டின் ஓட்டம். செல்வம் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் உள்ள இருப்பு. தென்னை மரங்களை வெட்டி விற்று, அந்தப் பணத்தை அந்த ஆண்டின் வருமானம் என்று சொல்லும் ஒருவரை எங்கள் ஊரில் யாரும் சம்பாதிக்கிறவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விதைநெல்லை அவித்துத் தின்கிறவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் நாட்டுக் கணக்கு நெடுங்காலம் அப்படித்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. நாட்டு வருமானக் கணக்கை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டின் நலவாழ்வை அதன் வருமான அளவிலிருந்து ஊகிப்பது அரிது என்று எச்சரித்திருந்தார்.

இருப்பை அளக்கும் முயற்சிகளில் இரண்டு முதன்மையானவை. உலக வங்கி 2006 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடுகளின் செல்வக் கணக்கை வெளியிட்டு வருகிறது. 2024இல் வந்த பதிப்பு 1995 முதல் 2020 வரை 151 நாடுகளைக் கணக்கிட்டு, உலகின் தலைக்குரிய உண்மைச் செல்வம் (விலையேற்றத்தை நீக்கிய செல்வம்) அந்தக் காலத்தில் 21 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2012இல், இந்தியா உட்பட 20 நாடுகளுக்கு, உள்ளடக்கிய செல்வ அறிக்கையைத் தொடங்கியது. பொருளியல் அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா பிரிட்டன் அரசுக்காக எழுதி 2021 பிப்ரவரியில் வெளிவந்த மீளாய்வில், 1992 முதல் 2014 வரை உலகில் தலைக்குரிய உற்பத்தி மூலதனம் (சாலை, கட்டடம், இயந்திரம்) இரு மடங்கானது, மனித மூலதனம் (மக்களின் கல்வியும் திறனும்) சுமார் 13 விழுக்காடு கூடியது, இயற்கை மூலதனம் (நிலம், நீர், காடு, கனிமம்) ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது என்ற மதிப்பீடு இடம்பெற்றது. தொகையை மட்டும் பார்த்தால் வளர்ச்சி தெரியும். கூறுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை விற்று எதை வாங்கினோம் என்பது தெரியும்.

கீழே சொல்லப்படும் முறை ஒரு நாட்டுக்கானது. ஆனால் அதைக் கற்றுக்கொள்ள ஒரு பஞ்சாயத்தே போதும் என்பது என் கருத்து. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் ஒரு பஞ்சாயத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை கைப்படக் கணக்கிட்டவருக்குத் தேசக் கணக்கின் அட்டவணைகள் பிறகு புதிராக இருப்பதில்லை. எடுத்துக்காட்டுகளில் வரும் ரூபாய்த் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அரசாங்க எண்கள் வரும் இடங்களில் அவை எந்த ஆண்டுக்குரியவை என்பதைச் சேர்த்திருக்கிறேன்.

முதல் படி: எல்லையை வரைதல்

யாருடைய செல்வம், எந்த நாளில் என்ற இரண்டையும் முதலில் எழுதிவிட வேண்டும். நாட்டுக்கு இது எளிது, எல்லையோரத்துக்கு அப்படியல்ல. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருக்கின்றன, ஆனால் அவற்றை இயக்குவது தமிழ்நாடு. 1970 மே 29இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு வர வேண்டும். ஒரு டிஎம்சி ஏறத்தாழ 2.83 கோடி கன மீட்டர் என்பதால், இது சுமார் 20.5 கோடி கன மீட்டர். இந்தியாவின் கணக்கில் இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் எழுதப்பட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. மாநிலக் கணக்கு எழுதும்போது அணையை அதன் பொருளாதார உரிமையாளரின் (அதன் பயனையும் இடரையும் ஏற்பவரின்) பக்கமும், நீர்ப் பங்கை அதைப் பெறும் உரிமை உள்ளவரின் பக்கமும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தண்ணீர் பொள்ளாச்சியிலும் சித்தூரிலும் இருமுறை எண்ணப்படும்.

நாளைப் பொறுத்தவரை மார்ச் 31 வசதியானது, ஏனெனில் எல்லா அரசுக் கணக்கும் அன்றுதான் மூடப்படுகிறது. நிலத்தடி நீருக்கு மட்டும் இரண்டு நாட்கள் தேவை: இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ஒருமுறை, துலா மழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்த பின் ஒருமுறை.

இரண்டாம் படி: உற்பத்தி மூலதனம்

சாலை, வீடு, கால்வாய், பள்ளிக் கட்டடம், மோட்டார், லாரி, கறவை மாடு ஆகியவை இதில் அடங்கும். இதில் கருத்து வேறுபாடு குறைவு, ஆகவே விரைந்து கடக்கலாம். சென்ற ஆண்டின் இருப்பிலிருந்து தேய்மானத்தைக் கழித்து, இந்த ஆண்டின் முதலீட்டைக் கூட்டுவதுதான் முறை. இருப்பு 100 கோடி, தேய்மானம் 5 விழுக்காடு, முதலீடு 8 கோடி என்றால் முடிவு இருப்பு 103 கோடி. தேசிய அளவில் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் நாட்டுக் கணக்குப் புள்ளிவிவரங்களில் மூலதன இருப்பும் தேய்மானமும் ஆண்டுதோறும் வெளியாகின்றன. பஞ்சாயத்து அளவில், பஞ்சாயத்து அலுவலகத்தின் ஆஸ்திப் பதிவேட்டையும் கட்டட வரிப் பதிவேட்டையும் வைத்துக் கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் வராத போர்வெல்லும் பதிவேட்டில் சொத்தாகத்தான் இருக்கும். பயன் தராத சொத்தின் மதிப்பு சுழியம். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இந்த ஒரு திருத்தமே கணிசமான தொகையைக் குறைத்துவிடும்.

மூன்றாம் படி: இயற்கை மூலதனம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். முதலில் ரூபாயை மறந்துவிட்டு, இயற்கையை அதனதன் அளவில் எழுத வேண்டும்: இத்தனை ஹெக்டேர் வயல், இத்தனை ஹெக்டேர் தோப்பு, இத்தனை ஏரி, குளம், அவற்றின் கொள்ளளவு, இத்தனை கிணறு, நீர்மட்டம் இத்தனை மீட்டர், காடு எவ்வளவு, கல் எவ்வளவு. வில்லேஜ் ஆபீஸின் அடிப்படை வரிப் பதிவேடு, 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தயாரிக்கப்பட்ட நிலத் தரவு வங்கி, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி பஞ்சாயத்து வைத்திருக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, கிருஷி பவனின் (வேளாண் அலுவலகத்தின்) பயிர்க் கணக்கு ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடங்களில் நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வரிப் பதிவேட்டில் நிலம் (அதாவது நெல்வயல்) என்று இருப்பது தரையில் தோப்பாகவோ லாரி நிறுத்தமாகவோ மாறியிருக்கலாம்.

நாட்டு அளவில் இதற்கான பொது இலக்கணம் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல்–பொருளாதாரக் கணக்கு முறைமை. அதன் மையச் சட்டகம் 2012இலும், சூழல்மண்டலக் கணக்குக்கான பகுதி 2021 மார்ச்சிலும் ஏற்கப்பட்டன. இந்தியாவில் தாஸ்குப்தா தலைமையிலான நிபுணர் குழு பசுமை நாட்டுக் கணக்குக்கான சட்டகத்தை 2013இல் அளித்தது. 2018 முதல் புள்ளியியல் அமைச்சகம் என்விஸ்டாட்ஸ் என்ற பெயரில் காடு, நீர், நிலம், கனிமம் ஆகியவற்றின் கணக்குகளை வெளியிட்டு வருகிறது.

அடுத்தது மதிப்பிடுதல். இதன் மையச் சொல் வள வாடகை. ஒரு வளத்திலிருந்து கிடைக்கும் பொருளின் விலையிலிருந்து, அதை எடுக்க ஆன எல்லாச் செலவையும் (கூலி, உரம், குடும்பத்தாரின் உழைப்புக்கு உரிய கூலி, போட்ட முதலுக்கு உரிய இயல்பான வட்டி) கழித்த பிறகு மிஞ்சுவது இயற்கையின் பங்கு. அதுவே வள வாடகை. வரும் ஆண்டுகளில் கிடைக்கும் வாடகைகளை எல்லாம் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால் வளத்தின் மதிப்பு கிடைக்கிறது. இப்படிக் குறைப்பதற்கு உலக வங்கி தன் கணக்குகளில் நெடுங்காலம் ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக் கழிவு வீதத்தைக் கையாண்டிருக்கிறது.

ஓர் ஏக்கர் தென்னந்தோப்பை எடுத்துக்கொள்வோம். காய் விற்ற வரவு 1,20,000 ரூபாய், எல்லாச் செலவும் 80,000 ரூபாய் என்றால் வாடகை 40,000 ரூபாய். இது 25 ஆண்டுகள் தொடரும் என்று கொண்டு 4 விழுக்காட்டில் குறைத்தால் மதிப்பு ஏறத்தாழ 6.25 லட்சம். அதே கணக்கை 8 விழுக்காட்டில் போட்டால் 4.27 லட்சம்தான். தோப்பு மாறவில்லை, நம் எண்ணம்தான் மாறியது. கழிவு வீதம் உயர உயர வருங்காலத் தலைமுறையின் பங்கு சுருங்குகிறது என்பதால், எந்த வீதத்தைப் பயன்படுத்தினோம் என்பதை ஒவ்வோர் அட்டவணையின் தலையிலும் எழுதாத செல்வக் கணக்கை நான் நம்புவதில்லை.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதல்முறை கணக்கிட்டபோது தோப்பின் வள வாடகை மதிப்பையும் நிலத்தின் சந்தை விலையையும் கூட்டிவிட்டேன். நிலத்தின் விலைக்குள்ளேயே அதன் விளைச்சலின் மதிப்பு அடங்கியிருக்கிறது என்பதால் அது இரட்டை எண்ணிக்கை. அதைவிட நுட்பமான பிழையும் அதில் இருந்தது: கோயம்புத்தூர்ச் சாலையை ஒட்டிய நிலத்தின் சென்ட் விலை, அதில் காய்க்கும் தேங்காயைப் பொறுத்தது அல்ல, அங்கே வரப்போகும் கட்டடத்தைப் பொறுத்தது. மனை விலை ஏறுவதை இயற்கை மூலதனம் வளர்ந்ததாக எழுதினால், வயலை அழிக்கும் செயலே செல்வமாகத் தோன்றும்.

மானியம் இரண்டாவது பொறி. 2023–24 பருவத்தில் நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை கிலோவுக்கு 21.83 ரூபாய், அதன் மேல் கேரள அரசு 6.37 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்ததால் விவசாயியின் விலை 28.20 ரூபாய் ஆனது. விவசாயியின் வருமானத்துக்கு 28.20 சரி. நாட்டின் செல்வக் கணக்கில் அந்த 6.37 ரூபாய் வரி கொடுத்தவரிடமிருந்து வயல்காரருக்குச் சென்ற தொகையே தவிர, மண் விளைவித்தது அல்ல. பம்புசெட்டுக்கான மின்கட்டணத்தை அரசு ஏற்றால் அந்தச் செலவையும் கழித்தே வாடகையைக் காண வேண்டும். இப்படிக் கழித்த பிறகு சில பயிர்களில் வாடகை சுழியத்துக்குக் கீழே போகும். அதைக் கண்டு வயலுக்கு மதிப்பில்லை என்று முடிவு செய்வதற்கு முன், அடுத்த பத்தியைப் படிக்க வேண்டும்.

நெல்வயல் நெல்லை மட்டும் தருவதில்லை. மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குகிறது, வெள்ளத்தைத் தாங்குகிறது, சுற்றியுள்ள கிணறுகளை நிரப்புகிறது. கேரளத்தில் 1974–75இல் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியிருக்கிறது. எஞ்சியதில் பெரும்பங்கு எங்கள் பாலக்காட்டிலும் குட்டநாட்டிலும் இருக்கிறது. இந்தச் சேவைகளுக்குச் சந்தையில் விலை இல்லாததால், அதே அளவு நீரைத் தேக்க ஒரு குளம் வெட்டினால் என்ன செலவாகும் என்று கணக்கிடும் மாற்றுச் செலவு முறையைக் கையாளலாம். 2020இல் கேரள அரசு நெல்வயல் உரிமையாளர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை கொடுக்கத் தொடங்கியது. அதை வயலின் சேவை மதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; அது அரசால் கொடுக்க முடிந்த தொகை. ஆனாலும், வயல் தரும் சேவைக்கு ஒரு விலை உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டது என்ற வகையில் கணக்கெழுதுவோருக்கு அது ஒரு தொடக்கம்.

நிலத்தடி நீரைப் புதுப்பிக்கத்தக்க வளம் என்று பாடநூல் சொல்லும். இறங்கும் நீரைவிட எடுக்கும் நீர் அதிகமாகும்போது அது சுரங்கம் போன்றது. சித்தூர் ஒன்றியம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதியாக வகைப்படுத்தப்பட்ட இடம் என்பதால், இங்கே அதைச் சுரங்கமாகவே எழுத வேண்டும். பாசனம் உள்ள ஏக்கரின் நிகர வருமானத்துக்கும் மானாவாரி ஏக்கரின் நிகர வருமானத்துக்கும் உள்ள வேறுபாடு 30,000 ரூபாய் என்றும், அந்த ஏக்கருக்கு ஆண்டுக்கு 5,000 கன மீட்டர் தண்ணீர் பாய்ந்தது என்றும் கொண்டால், ஒரு கன மீட்டரின் வாடகை 6 ரூபாய். பஞ்சாயத்தில் ஊறியதைவிட 10 லட்சம் கன மீட்டர் கூடுதலாக எடுக்கப்பட்டிருந்தால், அந்த ஆண்டின் இயற்கை மூலதனக் கரைவு 60 லட்சம் ரூபாய். இதுவே முதல் பத்தியில் நான் குறிப்பிட்ட, கழிக்கப்படாத வரி.

புதுப்பிக்க முடியாத கனிமத்தின் கணக்கு இன்னும் தெளிவானது. வாளையார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைப் போன்ற ஒரு குவாரியில் இன்னும் 20 ஆண்டுகளுக்குக் கல் இருக்கிறது, ஆண்டு வாடகை 50 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 4 விழுக்காட்டில் அதன் இன்றைய மதிப்பு சுமார் 679.5 லட்சம். ஓராண்டு வெட்டிய பிறகு 19 ஆண்டுகளே மீதி. மதிப்பு சுமார் 656.7 லட்சம். ஆக, கைக்கு வந்த 50 லட்சத்தில் 22.8 லட்சம் மூலதனம் கரைந்து வந்த பணம், 27.2 லட்சம் மட்டுமே உண்மையான வருமானம். கரைந்த பங்கை வேறு மூலதனமாக மாற்றிவிட்டால் மொத்தச் செல்வம் குறையாது என்பது 1977இல் ஜான் ஹார்ட்விக் வகுத்த விதி. நார்வே தன் எண்ணெய் வருவாயை 1990இல் சட்டம் இயற்றித் தனி நிதியமாக்கிச் சேர்த்தது. பசிபிக் தீவான நவுரு தன் பாஸ்பேட்டைத் தோண்டி விற்ற பணத்தை நிலைக்கும் சொத்தாக மாற்றத் தவறியது.

நீர் இருப்பை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடைக்கு மேல் எடுத்துக்காட்டு தேவையில்லை. 2000இல் அங்கே பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் குளிர்பான ஆலை தொடங்கியது. 2002இல் பழங்குடி மக்களின் போராட்டம் எழுந்தது. 2004இல் ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் வேளாண்மை, உடல்நலம், குடிநீர், கூலி ஆகியவற்றில் ஏற்பட்ட இழப்பைச் சுமார் 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. ஆலை ஓடிய ஆண்டுகளில் ஒவ்வொரு பாட்டிலும் உற்பத்திக் கணக்கில் ஏறியது. கிணறுகளின் தொடக்க இருப்பு ஒரு பேரேட்டில் இருந்திருந்தால், கழித்தலையும் அதே ஆண்டுகளில் செய்திருக்கலாம், ஆலை நின்று ஆறாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்து மதிப்பிட வேண்டியிருந்திருக்காது.

நான்காம் படி: மனித மூலதனம்

பெரும்பாலான நாடுகளின் செல்வத்தில் பெரும்பகுதி இதுதான். உலக வங்கியின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பின்படி உலகச் செல்வத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனித மூலதனம். இதை அளக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன.

உலக வங்கி கையாள்வது, டேல் ஜோர்கன்சனும் பார்பரா ஃப்ராமெனியும் 1980களில் வகுத்த வாழ்நாள் வருமான முறை. வயது, பால், கல்வி ஆகியவற்றின்படி மக்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவினரும் இனி ஈட்டப்போகும் வருமானத்தை, வேலையில் இருக்கும் வாய்ப்பாலும் உயிரோடிருக்கும் வாய்ப்பாலும் பெருக்கி, இன்றைய மதிப்புக்குக் குறைக்க வேண்டும். வேலைக்கும் கூலிக்கும் 2017–18 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பும், ஆயுளுக்கு மாதிரிப் பதிவு முறையின் வாழ்நாள் அட்டவணைகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் ஈட்டும் 25 வயதுக்காரர் 35 ஆண்டுகள் உழைப்பார், கூலி ஆண்டுக்கு 2 விழுக்காடு உயரும், கழிவு வீதம் 4 விழுக்காடு என்று கொண்டால், உயிர்வாழும் வாய்ப்பைச் சேர்க்காத நிலையில் அவருடைய மனித மூலதனம் சுமார் 60 லட்சம். ஓர் ஏக்கர் தோப்பைப் போல ஒன்பது, பத்து மடங்கு! பிள்ளையைப் படிக்கவைக்கத் தோப்பை அடமானம் வைக்கும் எங்கள் ஊர்ப் பெற்றோர் இந்தச் சூத்திரத்தைப் படிக்காமலேயே சரியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஐக்கிய நாடுகளின் அறிக்கை கையாள்வது கல்வியாண்டு முறை. ஓர் ஆண்டுக் கூடுதல் படிப்பு ஏறத்தாழ 8.5 விழுக்காடு பயனைக் கூட்டுகிறது என்று கொண்டு, மக்களின் சராசரிக் கல்வியாண்டுகளிலிருந்து இருப்பை அடுக்குக்குறி முறையில் காண்பது. இதன்படி 5 ஆண்டு படித்தவரின் திறன் படிக்காதவரைப் போல 1.53 மடங்கு, 10 ஆண்டு படித்தவருடையது 2.34 மடங்கு. கூலித் தரவு குறைவாக உள்ள பஞ்சாயத்துக்கு இதுவே எளிது, வீடு வீடாகப் படிப்பைக் கேட்டு எழுதக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களால் முடியும். ஆனால் பத்தாண்டு பள்ளியில் இருந்தவர் பத்தாண்டுக் கல்வி பெற்றவர் என்று இம்முறை கருதுகிறது. ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாத தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் இதே எண்தான்.

வாழ்நாள் வருமான முறையின் குறை வேறு வகையானது. களையெடுக்கும் பெண்ணுக்கும் வரப்பு வெட்டும் ஆணுக்கும் கூலி வேறு என்றால், பெண்ணின் மனித மூலதனம் அந்த விகிதத்தில் குறைவாகவே வரும். வீட்டில் செய்யும் வேலைக்குக் கூலியே இல்லாததால் அது முற்றிலும் மறையும். 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் உலக மனித மூலதனத்தில் பெண்களின் பங்கு 40 விழுக்காட்டுக்கும் குறைவாக வந்ததற்கு இதுவே காரணம். அந்த எண்ணைத் திறமையின் அளவாகப் படிக்கக் கூடாது. ஆண், பெண் அட்டவணைகளைத் தனித்தனியே காட்டினால் படிப்பவருக்கு இது தெரியவரும்.

கொழிஞ்சாம்பாறையில் வசித்துக்கொண்டு கோயம்புத்தூர் மில்லுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருபவரின் மூலதனம் அவர் வசிக்கும் இடத்துக்கு உரியது. வளைகுடாவில் ஓராண்டுக்கு மேல் இருப்பவர் அந்நாட்டின் குடியிருப்பாளராகக் கருதப்படுவார். அவருடைய மனித மூலதனம் இந்தியக் கணக்கில் வராது. 2023ஆம் ஆண்டுக் கேரளக் குடிப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் கேரளத்தாரைச் சுமார் 22 லட்சம் என்றும், அவர்கள் அனுப்பிய பணத்தை 2,16,893 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்தப் பணம் ஓட்டம், இருப்பு அல்ல. அதில் வீடாக நின்றது உற்பத்தி மூலதனம், பிள்ளையின் படிப்பானது மனித மூலதனம், கல்யாணச் சாப்பாடானது நுகர்வு.

ஐந்தாம் படி: நிகர வெளிநாட்டுச் சொத்து

நாட்டவர் வெளியே வைத்திருக்கும் சொத்திலிருந்து, வெளியார் இங்கே வைத்திருக்கும் சொத்தைக் கழித்தால் போதும். ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் இதை வெளியிடுகிறது. இந்தியாவுக்கு இது எதிர்மறை எண். பஞ்சாயத்துப் பயிற்சியில் கூட்டுறவு வங்கி வைப்பிலிருந்து வெளியூர்க் கடனைக் கழித்து இதைப் பின்பற்றலாம், ஆனால் தரவு கிடைப்பது கடினம் என்பதால் நான் விட்டுவிடுகிறேன்.

ஆறாம் படி: விலையைப் பிரித்தெடுத்தல்

2025இல் தேங்காய் விலையும் எண்ணெய் விலையும் கேரளத்தில் ஏறிய ஏற்றத்தை நினைத்துப் பார்த்தால் இந்தப் படியின் தேவை புரியும். காய் விலை இரட்டிப்பானால் தோப்பின் வாடகையும், அதனால் இயற்கை மூலதனமும், ஒரு மரம்கூடக் கூடாமலேயே இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். வெள்ளை ஈ தாக்கிப் பாதி மரம் காய்க்காமல் போனாலும் ரூபாய்க் கணக்கில் செல்வம் குறைந்ததாகத் தெரியாது. ஆகவே இருப்பின் அளவு மாற்றத்தையும் விலை மாற்றத்தையும் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும். உலக வங்கியின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு சங்கிலிக் குறியீட்டெண் முறைக்கு (ஒவ்வோர் ஆண்டையும் முந்திய ஆண்டோடு ஒப்பிட்டுத் தொடுக்கும் முறைக்கு) மாறியதன் நோக்கம் இதுவே. எளிய பயிற்சிக்கு ஐந்தாண்டுச் சராசரி விலையை வைத்துக்கொண்டு எல்லா ஆண்டுகளையும் அதே விலையில் மதிப்பிட்டால் போதுமானது.

தாஸ்குப்தாவும் அவரைப் பின்பற்றுவோரும் சந்தை விலைக்குப் பதிலாக நிழல் விலையை வலியுறுத்துகிறார்கள். ஒரு பொருள் ஓர் அலகு குறைந்தால் இன்றைக்கும் வருங்காலத்துக்கும் சேர்த்து நலவாழ்வில் எவ்வளவு குறையும் என்பதே அதன் நிழல் விலை. கோடையில் குடிதண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் விலையையும் பாசனத்தில் நாம் கண்ட 6 ரூபாயையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தண்ணீரின் நிழல் விலை இந்த இரண்டுக்கும் இடையில் நிலையாக நிற்பதில்லை, இருப்பு குறையக் குறைய ஏறுகிறது என்பது தெரியும்.

ஏழாம் படி: ஆண்டு மாற்றமும் தலைக்குரிய அளவும்

முழு இருப்பையும் ஆண்டுதோறும் மதிப்பிட இயலாதபோது மாற்றத்தை மட்டும் கணக்கிடலாம். இதற்குச் சரிசெய்யப்பட்ட நிகரச் சேமிப்பு என்று பெயர். மொத்தத் தேசியச் சேமிப்பிலிருந்து உற்பத்தி மூலதனத்தின் தேய்மானத்தைக் கழித்து, கல்விச் செலவைக் கூட்டி, எரிபொருள், கனிமம், காடு ஆகியவற்றின் கரைவையும், கரியமில வாயு மற்றும் காற்று மாசு விளைவிக்கும் சேதத்தையும் கழித்தால் அது கிடைக்கும். சேமிப்பு 30, தேய்மானம் 11, கல்விச் செலவு 3, வளக் கரைவு 4, மாசுச் சேதம் 5 என்றால் மிஞ்சுவது 13. உலக வங்கியின் வழக்கமான வாய்பாட்டில் நிலத்தடி நீரும் மண்வளமும் இல்லை. சித்தூர் வட்டத்துக்கு அவை இல்லாத வாய்பாடு அரைகுறையானது என்பதால் அந்த இரண்டு வரிகளையும் நாமே சேர்க்க வேண்டும்.

பிறகு மொத்தச் செல்வத்தை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். மொத்தம் கூடியும் தலைக்குரியது குறைந்தால் வளர்ச்சி நிலைக்காது. 2025 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்ற புதிய நாட்டுக் கணக்கு முறைமை, இயற்கை வளக் கரைவை உற்பத்திச் செலவாகக் கழிக்கச் சொல்கிறது. அதை நாடுகள் நடைமுறைப்படுத்தும்போது நாம் தனியாகச் செய்யும் இந்தக் கழித்தலின் ஒரு பகுதி அரசாங்கக் கணக்கிலேயே வந்துவிடும்.

எட்டாம் படி: கூட்டக் கூடாதவற்றுக்கு ஒரு தனிப் பக்கம்

இதுவரை செய்த கூட்டல் எல்லாமே ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: ஒரு வகை மூலதனம் குறைந்தால் இன்னொரு வகை அதை ஈடுசெய்யும் என்பது அது. குவாரிக் கல்லுக்கு அது பொருந்தும். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லாத தெருவுக்கு இன்னொரு பட்டதாரி ஈடாக மாட்டார். ஆகவே ஈடு இல்லாத வளங்களை, கூட்டுத்தொகையில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், தனிப் பக்கத்தில் அவற்றின் சொந்த அளவிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லையையும் குறிக்க வேண்டும். கூட்டுத்தொகை எவ்வளவு உயர்ந்தாலும் இந்தப் பக்கத்தில் ஒரு வரி எல்லையைத் தாண்டியிருந்தால், அந்த ஆண்டைக் குறைந்த ஆண்டு என்றே நான் பதிவு செய்கிறேன்.

பஞ்சாயத்தின் எல்லாப் பகுதிகளையும் தொடுமாறு பத்துத் திறந்த கிணறுகளைத் தேர்ந்துகொள்ளவும். பம்பு ஓடாத அதிகாலையில், விளிம்பில் சுண்ணாம்பால் குறித்த ஒரே இடத்திலிருந்து கயிறை இறக்கி, மே இறுதியிலும் டிசம்பர் இறுதியிலும் நீர்மட்டத்தை மீட்டரில் அளக்கவும். போர்வெல்லின் ஆழத்தை நீர்மட்டமாக எழுதக் கூடாது. துளை எவ்வளவு இறங்கியது என்பது செலவின் கணக்கு, நீர் எங்கே நிற்கிறது என்பதுதான் இருப்பின் கணக்கு. முதல் ஆண்டின் பத்து எண்களும் தொடக்க இருப்பு, அவற்றுக்கு எதிரே அளந்த நாளையும் அந்த ஆண்டின் மழையளவையும் எழுதினால் பேரேட்டின் முதல் பக்கம் முடிந்தது.